தலையும் தராசில் ஏறட்டும்

"தலை வேணுமா, எடுத்துப் போட்டுரவா?"

வைகை அணைப் பக்கம் மீன் வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. முழு மீனையும் தராசில் வைத்து, தலைக்கும் சேர்த்துக் காசு வாங்கிய பிறகுதான் இதைக் கேட்பார்கள். அணையைச் சுற்றிப் பார்க்கக் காரில் வந்தவர் மூக்கைச் சுளிப்பார். "தலை, வாலெல்லாம் வேணாம். நடுத்துண்டா மட்டும் போடுங்க" என்பார். கட்லாவின் தலை எவ்வளவு பெரிது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய தலை பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் வாளியில் போய் விழும்.

அந்த வாளி யாருடையது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாசிப்பு வட்டத் தோழர்கள் சிலரோடு அணைக்குப் போயிருந்தோம். ஒரு கடையோரம் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா நம் சேரிக்காரர். காலையில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை எழுந்திருக்க முடியாது. வெட்டுவதற்கென்று வாடிக்கையாளர் தரும் காசு கடைக்காரர் கல்லாவுக்குப் போகிறது. அக்காவுக்கு நாள் கூலி. கூலியைக் கூட்டிக் கேட்டீர்களா என்று கேட்டோம். கேட்டாராம். கடைக்காரர் சொன்ன பதிலை அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதான் தலையெல்லாம் நீயே அள்ளிட்டுப் போறேல்ல, அப்புறம் என்ன கூலின்னு கேக்குறாரு தம்பி."

தோழர்களே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். அந்தத் தலைக்குக் காரில் வந்தவர் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார். அவர் வேண்டாம் என்று விட்டுப்போன அதே தலை, அக்காவின் கூலியில் கழிக்கப்படுகிறது. ஒரே தலை ஒரே நாளில் இரண்டு முறை விற்கப்படுகிறது. இரண்டாவது முறை அதை வாங்குபவர் மீன் வெட்டிய பெண். அவரிடம் யாரும் "தலை வேணுமா?" என்று கேட்பதில்லை.

திரும்பி வரும்போது பேச்சு அதைப் பற்றியே இருந்தது. கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்ல எப்பவும் தலைக் குழம்புதான். நடுத்துண்டு எப்படி இருக்கும்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது." ஒரு தம்பி தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னான். அம்மா கொடுத்துவிட்ட தலைக் குழம்பை அவன் விடுதிக்குக் கொண்டுபோயிருக்கிறான். அறையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தனக்கு மீன் தலையே பிடிக்காது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். உண்மையில் அவனுக்கு உயிர். இவர்கள் இருவருக்காகவும் அந்த அக்காவுக்காகவும்தான் இதை எழுதுகிறோம்.

எது நல்ல பகுதி?

முதலில் மீனையே பார்ப்போம். சாதியைத் தள்ளி வைத்துவிட்டு உடலுக்கு எது நல்லது என்று கேட்டால் என்ன பதில் வருகிறது?

நடுத்துண்டில் புரதம் நிறைய. வெட்டுவதற்கும் சமைப்பதற்கும் எளிது, முள் குறைவு. அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் தலையில் கன்னச் சதை இருக்கிறது, கண் இருக்கிறது, மூளைக் கொழுப்பு இருக்கிறது. குழம்புக்கு ருசி ஏறுவது தலையும் எலும்பும் வெந்து இறங்கும்போதுதான். அடிவயிற்றுப் பகுதியில் நல்ல கொழுப்பு சேர்ந்திருக்கும். சினை புரதமும் கொழுப்பும் செறிந்தது. சின்ன மீனை முள்ளோடு மென்று தின்றால் பால் வாங்க வழியில்லாத வீட்டுக்கும் கால்சியம் கிடைக்கும்.

இது நம் பெருமைக்காகச் சொல்வது இல்லை. வங்கதேசத்தில் ஏழைகள் குளத்தில் பிடித்துத் தின்னும் 'மோலா' என்ற சிறு மீனை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அதில் வைட்டமின் ஏ ஏராளமாக இருந்தது. அதிலும் பெரும்பகுதி கண்ணிலும் வயிற்று உறுப்புகளிலும் இருந்தது. தலையைக் கிள்ளி எறிந்தால் பிள்ளையின் கண் பார்வைக்கு வேண்டியதையும் சேர்த்து எறிகிறோம் என்று பொருள். இந்தச் சிறு மீன்களின் சத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன டிரினிடாட்டில் பிறந்த இந்திய வம்சாவளி விஞ்ஞானி சகுந்தலா தில்ஸ்டெட் 2021-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

தின்னக்கூடாதவையும் உண்டு. செவுளை எடுத்துவிட வேண்டும். பெரிய மீனின் குடலையும் எறிந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பித்தப்பை. ரோகு, புல்கெண்டை போன்ற மீன்களின் பித்தப்பையை மருந்து என்று நம்பி விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. இந்தியாவிலேயே இது மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. நம் ஆத்தாமார் பித்தப்பை உடையாமல் கிள்ளி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கசப்புக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காட்மியம், ஈயம் போன்ற உலோகங்கள் நீரில் கலந்தால் மீனின் சதையைவிடக் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் செவுளிலும் அதிகமாகத் தங்கும். முல்லைப் பெரியாறும் கொட்டகுடி ஆறும் கம்பம், போடி, தேனிப் பக்கத்து ஊர்களின் சாக்கடையைச் சுமந்துகொண்டுதான் வைகைக்கு வருகின்றன. தோட்டங்களில் அடிக்கும் மருந்தும் மழையோடு கரைந்து வருகிறது. தண்ணீர் கெட்டால் மீனில் முதலில் கெடுவது நல்ல துண்டு இல்லை, கழிவு என்று சொல்லி நமக்குத் தள்ளிவிடப்படும் உறுப்புகள். எனவே ஆற்றைச் சுத்தமாக வைப்பது சுற்றுலாக்காரர்களின் கவலை மட்டும் இல்லை, நம் சட்டியின் கவலையும்கூட.

அயிரைக்கு ஒரு நீதி, கட்லாவுக்கு ஒரு நீதியா?

தலை அருவருப்பு, குடல் அசிங்கம் என்பது உண்மையிலேயே நாக்கின் தீர்ப்பு என்றால் அது எல்லா மீனுக்கும் பொருந்த வேண்டும். பொருந்துகிறதா?

அயிரையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை ஓட்டல்களில் பெயர்ப் பலகையிலேயே அயிரை மீன் குழம்பு என்று எழுதி வைக்கிறார்கள். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது. அதை எப்படிச் சமைக்கிறார்கள்? தலையைக் கிள்ளுவதில்லை, வயிற்றைக் கீறுவதில்லை. உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, உப்புப் போட்டு உரசிக் கழுவி, தலை, கண், குடல், வால் எல்லாவற்றோடும் குழம்பில் போடுகிறார்கள். நடுத்துண்டு மட்டும் போதும் என்ற அதே ஆள் இங்கே விரலைச் சூப்பிக்கொண்டு தின்கிறார். விலை ஏறியதும் தலை நாறுவதில்லை போலும்.

அணையில் வளரும் ரோகு வட இந்திய ஆறுகளின் மீன். மீன்வளத்துறை குஞ்சு விட்டு வளர்ப்பதால் இங்கே கிடைக்கிறது. அதே ரோகுவின் தலை வங்காளத்தில் விருந்தாளிக்கும் மாப்பிள்ளைக்கும் மரியாதையாக வைக்கப்படுகிறது. சிங்கப்பூரில் 1949 வாக்கில் கேரளத்திலிருந்து போன கோமஸ் என்பவர், சீனர்கள் மீன் தலையை விரும்பித் தின்பதைக் கண்டு, அதை நம் மசாலாவில் குழம்பாக்கினார். இன்று சிங்கப்பூரின் அடையாள உணவுகளில் ஒன்று மீன் தலைக் கறி. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு தலைக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று அங்கே வேலைக்குப் போன உங்கள் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆக, தலையில் குறை இல்லை. வைகை அணையில் அது கழிவாவதற்குக் காரணம் அதைத் தின்பவர்கள் யார் என்பதுதான்.

மனு போட்ட மீன் பட்டியல்

இந்த நாட்டில் எந்த மீன் நல்லது என்று பட்டியல் போடும் வேலை பழையது. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். மீன் தின்பவன் எல்லா இறைச்சியையும் தின்பவன் ஆவான் என்று ஒரு சுலோகம் மிரட்டுகிறது. அடுத்த சுலோகத்திலேயே விலக்கு வந்துவிடுகிறது. தேவருக்கும் பிதுருக்கும் படைத்தால் ரோகிதம் தின்னலாம், பாடீனம் தின்னலாம், செதிலுள்ள மீன் தின்னலாம் என்று பட்டியல் நீள்கிறது. ரோகிதம் என்பது வேறொன்றும் இல்லை, நம் அணையின் ரோகுதான். செதில் இல்லாத கெளுத்தியையும் விலாங்கையும் கண்டு இன்றைக்கும் முகம் சுளிப்பவர்கள் மனுவைப் படித்திருக்க வேண்டியதில்லை. படிக்காமலேயே பட்டியல் மட்டும் கைமாறி வந்திருக்கிறது.

அதே நூலின் பத்தாம் அத்தியாயத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், அவர்களுக்குச் சோறு பிறர் கையால், உடைந்த பாத்திரத்தில் தரப்பட வேண்டும் என்று அங்கே இருக்கிறது. வேலை செய்யும் சூத்திரனுக்கு மிச்சச் சோறும் பழந்துணியும் தானியத்தின் பதரும் கொடு என்றும் இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயம் மேலே இருப்பவன் எதைத் தின்பான் என்று சொல்கிறது. அவன் ஒதுக்கியது யாருக்கு, எப்படிப் போக வேண்டும் என்று பத்தாம் அத்தியாயம் சொல்கிறது. "அதான் தலையெல்லாம் நீயே அள்ளிட்டுப் போறேல்ல" என்ற கடைக்காரர் பேசியது பத்தாம் அத்தியாயம்.

அந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எரித்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில், அதே மகாத்தில், சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்த மாநாட்டில் அண்ணல் நம் மக்களிடம் இன்னொன்றையும் கேட்டார். செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னாதீர்கள், வீசப்படும் மிச்சத்துக்குக் கையேந்தாதீர்கள் என்றார். இதைக் காட்டி, 'அம்பேத்கரே உங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொள்ளத்தானே சொன்னார்' என்று சிலர் நம்மிடம் வருகிறார்கள். அவர் கேட்டது இறைச்சியைச் சுத்தம் அசுத்தம் என்று பிரித்துப் பார்க்க அல்ல. அடிமை வேலையின் கூலியாக வீசப்படுவதை ஏற்காதே என்பதுதான் அதன் சாரம். பொருள் வேறு, அது வந்து சேரும் வழி வேறு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ஒன்று தலையை வெறுப்போம், இல்லை வாளியை நேசிக்கத் தொடங்கிவிடுவோம். இரண்டும் தப்பு.

பாண்மகளின் வட்டி

மீனும் இழிவும் எப்போதும் ஒட்டியே பிறந்தவை என்று யாராவது சொன்னால் ஐங்குறுநூற்றைக் கையில் கொடுங்கள். அதில் பாண்மகள் கெளுத்தியும் விராலும் நிறைந்த கூடையோடு வருகிறாள். மீனைக் கொட்டிவிட்டு அதே கூடையில் நெல் வாங்கிப் போகிறாள். அது நேருக்கு நேர் பண்டமாற்று. மீனுக்கு நெல், நெல்லுக்கு மீன். மிச்சத்தை அவளிடம் யாரும் தள்ளிவிடவில்லை.

பிற்காலத்தில் அதே பாணர் குலம் தீண்டப்படாததாக ஆக்கப்பட்டது. திருப்பாணாழ்வார் காவிரிக் கரையோடு நின்று பாடியதாகவும், கல்லடி பட்டதாகவும் சொல்லும் கதையை வைணவர்களே சொல்கிறார்கள். இடையில் மீனுக்கு எதுவும் ஆகவில்லை. விரால் அதே விரால்தான். மாறியது மனிதர்களுக்கு இடையில் இருந்த உறவு.

அந்த மாற்றம் இன்னும் முடியவில்லை. 'கருவாடு விற்ற காசு நாறுமா' என்பது நம் ஊர்ப் பழமொழி. காசு நாறாது. விற்றவர் மட்டும் நாறுவார். 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த வயதான தாய் ஒருவரை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அழுத காணொளியை நாடே பார்த்தது. பேருந்து ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர் கடலோர மீனவச் சமூகத்துத் தாய். நம் அக்கா சேரிக்காரர். ஆனால் இருவரையும் விலக்கி வைத்த மூக்கு ஒன்றுதான்.

மூன்று பேருக்கு மூன்று பதில்

'சாப்பாடு அவரவர் விருப்பம், இதில் போய் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்' என்பவர்களுக்கு: விருப்பம் என்றால் இரண்டு பேரிடமும் கேட்டிருக்க வேண்டும். காரில் வந்தவரிடம் கேட்டார்கள், அக்காவிடம் கேட்கவில்லை. கேட்கப்படாதவருக்கு விருப்பம் ஏது?

யூடியூபில் தலைக்கறியை உறிஞ்சிக்கொண்டு 'கிராமத்து மணம், ஏழைகளின் அமுதம்' என்று உருகுபவர்களுக்கு: எங்கள் வறுமையை மசாலாவாக்காதீர்கள். வீடியோவில் சேரிச் சமையலைக் கொண்டாடிவிட்டு, வீடு வாடகைக்கு விடும்போது 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டும் ஆட்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு இவர்கள்தான்.

மூன்றாவது நம் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள். படித்து, வேலைக்குப் போய், நகரத்தில் வீடு கட்டியதும் தலையை வாளிக்குத் தள்ளிவிடும் நம் அண்ணன்களும் அக்காக்களும். உங்களைக் குற்றம் சொல்லும் உரிமை எங்களுக்கு முழுதாக இல்லை. நாங்களும் விடுதி நாட்களில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மூடி வைத்தவர்கள்தான். மேல்சாதிப் பழக்கத்தைப் பின்பற்றி மேலே ஏறப் பார்ப்பதைச் சமூகவியலில் எம்.என்.சீனிவாஸ் 'சமஸ்கிருதமயமாதல்' என்றார். வகுப்பில் அதைப் படித்துப் பரீட்சை எழுதினோம். அதே வாரம் அம்மாவின் குழம்பை ஒளித்தும் வைத்தோம். ஒளித்து வைத்ததால் ஒருவரும் எங்களைச் சமமாக நடத்தவில்லை. குழம்பு கெட்டுப்போனதுதான் மிச்சம்.

மீன் யாருடையது?

தலையைப் பற்றிப் பேசிவிட்டு முழு மீனைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது பாதிப் பேச்சு. தலையும் வாலும் பங்கிடப்படுவதற்கு முன்பே தண்ணீர் பங்கிடப்பட்டுவிடுகிறது.

வைகை அணை 1959-ல் திறக்கப்பட்டது. அரசுப் பணத்தில், கூலிக்காரர்களின் வியர்வையில் எழுந்தது. அதன் தண்ணீரில் வளரும் மீன் பொதுச் சொத்து. ஊர்க் கண்மாயும் அப்படித்தான். கண்மாயின் மீன்பாசிக் குத்தகை பஞ்சாயத்துக்கு வருமானம். ஏலத்தில் யார் உட்காரலாம், யார் விலை கேட்கலாம், கேட்டால் மறுநாள் அவர் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதை நம் ஊர்களில் சட்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நம் அணையிலிருந்து தொலைவில் இல்லை. 1996-ல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை முறையான தேர்தலை நடக்கவிடவில்லை. மேலவளவில் தேர்தலில் நின்று வென்ற தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஒரு நாற்காலிக்காகவா இவ்வளவும்? அந்த நாற்காலியில் இருப்பவர் கையெழுத்தில்தான் ஊரின் பொதுச் சொத்து இருக்கிறது. கண்மாய் ஏலத்தில் நாம் உட்காரக் கூடாது என்பதும், மீனில் தலை மட்டும் நமக்கு என்பதும் ஒரே கையின் இரண்டு விரல்கள்.

நாம் கேட்பது

கூலியைக் காசாகக் கொடு. தலையைக் கணக்கில் கழிக்காதே. வெட்டுக்கூலி என்று வாடிக்கையாளர் தருவது வெட்டியவர் கைக்குப் போகட்டும். வாடிக்கையாளர் விட்டுப்போன தலை விற்கத்தக்கது என்றால் தனியே நிறுத்து விலை போடு, யார் வேண்டுமானாலும் வாங்கட்டும், நாமும் வாங்குவோம். மீன்பாசி ஏலங்களில் நம் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கேட்க வேண்டும். அதற்கு மிரட்டல் வந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுச் சொத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் அந்தச் சட்டம் குற்றம் என்கிறது. மாணவத் தோழர்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை ஏலத்துக்குப் போகும் அத்தைக்கு நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும்.

விடுதியில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. டிபன் பாக்ஸைத் திறந்து வையுங்கள். மூக்கைப் பொத்துபவனிடம் கோபப்படும் முன் ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள். தின்றால் தோழன். தின்னாவிட்டாலும் மூடியை மூட வேண்டியவர் நீங்கள் இல்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் அந்தக் கடையில் ஒரு முழு கட்லா வாங்கினோம். அக்கா பழக்கத்தில் கத்தியைத் தலைக்கு நேரே வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். தலை வேண்டும் என்று சொன்னோம். வெட்டுக்கூலியை அவர் கையிலேயே கொடுத்தோம். கடைக்காரர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரவு வட்டத்தில் குழம்பு கொதித்தபோது, தலையைப் பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த தம்பிதான் முதலில் தட்டை நீட்டினான். நடுத்துண்டை அந்தத் தங்கைக்கு வைத்தோம்.

ஜெய்பீம்!